காற்றுக்கு வேறு வழி விடாதே: ஆர்எக்ஸ்-7இல் வி-மவுண்ட் பொருத்திய அனுபவம்

மலேசியாவின் செப்பாங் ஓடுகளத்தின் இரண்டு பெரிய நேர்பாதைகளும் அடுத்தடுத்து வரும். பின்பக்க நேர்பாதையில் முழு மிதியில் வந்து, பதினைந்தாம் வளைவில் வேகத்தை நன்றாகக் குறைத்துத் திருப்பி, உடனே பிரதான நேர்பாதையில் மறுபடியும் முழு மிதி. என் மாஸ்டா ஆர்எக்ஸ்-7இன் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூடு எகிறியது எப்போதும் இங்கேதான். மூன்றாவது சுற்றில் எஞ்சின் கணினியோடு இணைத்த பவர் எஃப்சி கமாண்டரின் சின்னத் திரையில் 109 டிகிரி காட்டியது. டேஷ்போர்டில் இருந்த முள் மட்டும் நடுவிலேயே அசையாமல் நின்றது. இந்த வண்டியில் அந்த முள்ளை நம்பவே கூடாது. ஒரு பெரிய வெப்ப இடைவெளி முழுக்க அது நடுவில்தான் நிற்கும், நகரத் தொடங்கும்போது காரியம் கெட்டிருக்கும். காலை எடுத்துவிட்டு மெதுவாகப் பிட்டுக்குள் வந்தேன். அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது.

என்னுடையது 1993 மாடல் எஃப்டி3எஸ். உள்ளே இருப்பது 13பி-ஆர்இடபிள்யூ எஞ்சின், 1308 சிசி, இரண்டு ரோட்டர் (பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோணங்கள்), இரண்டு டர்போ. ரோட்டரி எஞ்சினில் எரிப்பு எப்போதும் ஹவுசிங்கின் ஒரே பக்கத்தில்தான் நடக்கும். ஒரு பக்கம் வெந்துகொண்டே இருக்க, எதிர்ப்பக்கத்தில் புதுக்காற்று நுழைந்துகொண்டே இருக்கும். போதாததற்கு, ரோட்டர் ஹவுசிங் அலுமினியம், அதை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் தட்டுகள் வார்ப்பிரும்பு. சூடு ஏறினால் இரண்டும் வேறு வேறு அளவுக்கு விரியும். நடுவில் கூலன்டை அடைத்து வைத்திருக்கும் மெல்லிய சீல்கள் அந்த இழுபறியைத் தாங்க வேண்டும். ஒருமுறை நன்றாகக் கொதிக்கவிட்டால் போதும், சில வாரங்களில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப்புகை வரும். அப்புறம் எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும். அதனால் 109 என்பது எனக்குத் தூக்கம் போக்கிய எண்.

கூலன்டோடு பிரச்சினை முடியவில்லை. டர்போ காற்றை அழுத்தும்போது காற்றும் சூடாகும். வெளியே 35 டிகிரி, 0.8 பார் பூஸ்ட் (டர்போ ஏற்றும் கூடுதல் அழுத்தம்), டர்போவின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், டர்போவை விட்டு வரும் காற்று ஏறக்குறைய 115 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டை, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இறக்கித் தராவிட்டால் நாக்கிங் வரும், அதாவது எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடிக்கும். நாக்கிங் வந்தால் ரோட்டரின் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் உடையும். கம்பெனி கொடுத்த இன்டர்கூலர் எஞ்சின் அறையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெட்டி. எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் அதைக் கழற்றிவிட்டு, பம்பருக்குப் பின்னால் பெரிய ஃப்ரண்ட்-மவுண்ட் போட்டிருந்தார். அதற்குப் பிறகு உள்ளே போகும் காற்று குளிர்ந்தது உண்மை. ஆனால் அந்த இன்டர்கூலர் சரியாக ரேடியேட்டருக்கு முன்னால் நின்றது. இன்டர்கூலர் கழித்த சூட்டைத்தான் ரேடியேட்டர் குடித்துக்கொண்டிருந்தது.

இதற்கு நான் தேர்ந்தெடுத்த வழி வி-மவுண்ட். அதில் இன்டர்கூலரும் ரேடியேட்டரும் ஒன்றன் பின் ஒன்றாக நிற்காது. பக்கவாட்டில் படுக்கவைத்த ‘வி’ எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதன் திறந்த வாய் வண்டியின் மூக்கைப் பார்த்திருக்கும். மேல் தாள் இன்டர்கூலர், ஏறக்குறைய படுத்த நிலையில். கீழ்த் தாள் ரேடியேட்டர், முன்விளிம்பு தாழ்ந்தும் பின்விளிம்பு உயர்ந்தும். மூக்கு வழியாக வரும் காற்றில் ஒரு பங்கு மேலே ஏறி இன்டர்கூலர் வழியாகப் போகும், மறுபங்கு கீழே இறங்கி ரேடியேட்டர் வழியாகப் போகும். இரண்டுக்கும் புதுக்காற்று. பைப்பும் குட்டையாகிவிடும், அதனால் பூஸ்ட் வருவதும் சுறுசுறுப்பாகிறது.

ஆயத்த கிட்கள் கிடைக்கின்றன. நான் வாங்கவில்லை. என்னிடம் நல்ல கோர்கள் (சூட்டைக் கழிக்கும் தகடுகள் அடுக்கிய பகுதி) ஏற்கெனவே இருந்தன: 90 மி.மீ. தடிமன் இன்டர்கூலர், 50 மி.மீ. தடிமன் அலுமினிய ரேடியேட்டர். இவற்றைப் பிடித்து நிறுத்தும் சட்டத்தைச் செய்தால் போதும் என்று நினைத்தேன். பேட்டரியைச் சீட்டுக்குப் பின்னால் உள்ள பெட்டிக்கு மாற்றி, பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே பெரிய ஃப்யூஸ் ஒன்றைப் போட்டேன். பழைய ஏர் பாக்ஸ் வெளியேறியது. விரிசல் விடுவதற்கே பேர்போன அந்தப் பிளாஸ்டிக் கூலன்ட் டேங்கும் கூடவே போனது. இதெல்லாம் ஒரு சனிக்கிழமை வேலை.

சட்டம் செய்ய ஒரு பட்டறையில் விட்டேன். பார்க்க அழகாகத்தான் வந்தது. ஆனால் ரேடியேட்டரின் நான்கு மூலைகளையும் பாடியில் நேரடியாக போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள், ரப்பர் எங்கேயும் இல்லை. நானும் அப்போது கேட்கவில்லை. மூன்றாவது மாதம் ஒரு காலை பானட்டைத் திறந்தபோது கூலன்டின் அந்த இனிப்பு வாடை. விளக்கைப் பிடித்துத் தேடினால், இடது பக்க டேங்கும் பிராக்கெட்டும் சேரும் வெல்டிங்கின் ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. அதன் நுனியில் பச்சை நிறத்தில் ஒரு சொட்டு, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. துடைத்தேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் அதே சொட்டு.

கிள்ளானில் அலுமினிய வெல்டிங் செய்யும் ஒரு அண்ணனிடம் கழற்றிக்கொண்டு போனேன். மோட்டார் படகுகளுக்கும் லாரி டேங்குகளுக்கும் வெல்டிங் செய்கிறவர், ஸ்போர்ட்ஸ் கார் வேலை அவருக்குப் புதிது. விரிசலைப் பார்த்துவிட்டு, “தம்பி, வெல்டிங் மேல தப்பில்ல. இத மூச்சு விடவே விடாம கட்டிப்போட்டிருக்காங்க” என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். 600 மி.மீ. நீளமுள்ள அலுமினியக் கோர் 70 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 1 மி.மீ. நீளும். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அந்த 1 மி.மீ. போக இடமில்லாமல் வெல்டிங்கை இழுத்திருக்கிறது. மேலே எஞ்சின் அதிர்வும், பாடி முறுக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

விரிசலைத் துருப்பிடிக்காத எஃகு பிரஷ்ஷால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, ஆர்கான் வெல்டிங்கில் அண்ணன் அடைத்துக் கொடுத்தார். பிராக்கெட்டுகளை முழுவதுமாக மாற்றினோம். இப்போது ரேடியேட்டரின் கீழ்விளிம்பில் இரண்டு அலுமினிய முளைகள், அவை ரப்பர் புஷ்ஷுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. எடை முழுவதையும் அவைதான் தாங்குகின்றன. மேல்விளிம்பில் இரண்டு ரப்பர் மவுண்டுகள், அவற்றின் வேலை முன்னும் பின்னும் ஆடாமல் பிடிப்பது மட்டும். பக்கவாட்டில் நீள்வதற்கு ஓட்டையை நீள்வட்டமாக அறுத்துவிட்டோம். இன்டர்கூலருக்கும் அதே முறை. கையால் பிடித்து ஆட்டினால் லேசாக அசைய வேண்டும். அசைந்தால்தான் எனக்கு நிம்மதி.

இவ்வளவுக்கும் பிறகு செப்பாங் போனால் கூலன்ட் 107. உள்ளே போகும் காற்று 58. கூலன்டைப் பொறுத்தவரை, இத்தனை வேலைக்கும் கிடைத்தது 2 டிகிரிதான்.

முதலில் கூலன்டில் காற்று சிக்கியிருக்கும் என்று சந்தேகப்பட்டேன். ஒரு பாதி அதுதான். ரேடியேட்டர் சாய்ந்து படுத்திருப்பதால் அதன் பின்விளிம்பின் மேல் மூலையில் காற்றுக் குமிழி தங்கிவிடுகிறது. அந்த மூலையில் சின்ன நிப்பிள் ஒன்று வைத்து, அங்கிருந்து எக்ஸ்பான்ஷன் டேங்குக்கு ஒரு மெல்லிய ஹோஸ் இழுத்தோம். டேங்க் மொத்த அமைப்பிலும் உயரமான இடத்தில் இருக்க வேண்டும், அது முக்கியம். அப்புறம் வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, புனல் வைத்து நிரப்பி, ஹோஸைப் பிசைந்து பிசைந்து விட்டேன். கடகடவென்று குமிழி வந்தது. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் நின்றது.

மறுபாதியைக் கண்டுபிடித்தது அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த சிவப்புக் கம்பளி நூல். விரல் நீளத்துக்கு நறுக்கி, மூக்கின் உட்புறத்திலும் இரண்டு கோர்களின் முகத்திலும் ஓரங்களிலும் டேப்பால் ஒட்டினேன். ஒரு சின்ன கேமராவை உள்ளே கட்டி, நண்பன் ஓட்ட, மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் காலியான சாலையில் இரண்டு முறை போய் வந்தோம். வீடியோவைப் பார்த்தபோது நெஞ்சு திக்கென்றது. ரேடியேட்டர் முகத்தின் நடுவில் ஒட்டிய நூல்கள் சும்மா தொங்கித் தொங்கி நடுங்குகின்றன. இடது ஓரத்தில், கோருக்கும் பாடிக்கும் நடுவே நான்கு விரல் அகல இடைவெளி ஒன்று. அதன் பக்கத்தில் இருந்த நூல்கள் எல்லாம் விறைத்துக்கொண்டு அந்த இடைவெளியையே காட்டின. உள்ளே வந்த காற்று கோரைத் தொடாமல் அந்தச் சந்து வழியாகப் போய்க்கொண்டிருந்தது. 50 மி.மீ. தடிமனுள்ள நெருக்கமான தகடுகளுக்குள் நுழைந்து போவதைவிடச் சந்தில் போவது காற்றுக்கு லேசு. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

அன்று ராத்திரி கோர்களை மறந்துவிட்டேன். வேலை முழுவதும் சந்துகளில்தான். குளிர்சாதனப்பெட்டி வந்த அட்டைப் பெட்டியை வெட்டி, மூக்கிலிருந்து கோர்கள் வரை ஒரு மூடிய வாய்க்கால் மாதிரி கட்டினேன். அட்டையில் தப்புச் செய்தால் கத்தரிக்கோல் போதும், அலுமினியத்தில் தப்புச் செய்தால் காசு. கீழ்த்தட்டு மட்டும் ஐந்து முறை மாறியது, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்வே பாருக்கும் ரேடியேட்டரின் கீழ்விளிம்புக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடம்தான் இருந்தது. வாய்க்காலை நேராக இழுக்காமல், வாய் சிறிதாகவும் கோரை நெருங்க நெருங்க அகலமாகவும் வைத்தேன். அப்படி விரியும்போது காற்று வேகம் குறைந்து அழுத்தம் ஏறும். கோருக்குள் காற்றைத் தள்ளுவது அந்த அழுத்தம்தான். திடீரென்று விரித்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழலும், அதனால் மெதுவான சாய்வு.

இரண்டு வாரத்தில் அட்டை முழுவதும் 1.5 மி.மீ. அலுமினியத் தகடாக மாறியது. தகட்டுக்கும் கோருக்கும் நடுவே தண்ணீர் குடிக்காத, மூடிய துளை ரப்பர் நுரை. கோரைத் தகடு தொடக் கூடாது, ஆனால் நுரை நன்றாக அமுங்கி உட்கார வேண்டும். வீ வடிவம் முடியும் பின்முனையில் இன்டர்கூலரும் ரேடியேட்டரும் சந்திக்கும் இடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கே ஒரு கைப்பிடி அகலம் திறந்திருந்தால் மற்ற எல்லா அடைப்பும் வீண்.

உள்ளே போகும் வழியைப் போலவே வெளியே போகும் வழியும் வேண்டும். இன்டர்கூலரைக் கடந்த காற்று பானட்டுக்கு அடியில் தேங்கினால் அடுத்த காற்று வராது. பானட்டில் திறப்பு வைத்தேன், முன்பாதியில். வண்டியின் முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் அதிகம், அங்கே வைத்தால் காற்று வெளியே போகாமல் உள்ளே வரும். ரேடியேட்டர் காற்றுக்கு, அடித்தட்டில் ரேடியேட்டருக்குப் பின்னால் திறப்பு, அதற்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு சின்ன மடிப்பு. அந்த மடிப்பு வண்டிக்கு அடியில் ஓடும் காற்றைச் சற்றே விலக்கி, சூடான காற்றைக் கீழே உறிஞ்சிக்கொள்ளும்.

பைப் இணைப்புகளில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். பைப்பின் முனையில் வளையம் மாதிரி மேடு உருட்டாமல் சிலிக்கான் ஹோஸை மாட்டாதீர்கள். பூஸ்டில் கழன்று வந்துவிடும். எல்லாம் மாட்டிய பிறகு 1 பார் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். ஒரே ஒரு கிளாம்ப்பில் நுரை வந்தது. உள்ளே போகும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரையும் மாற்றினேன். கம்பெனி சென்சார் இன்டேக் மேனிஃபோல்டிலேயே இருப்பதால் உலோகத்தின் சூட்டையும் சேர்த்துக் காட்டும். வேகமாக வேலை செய்யும் சென்சார் ஒன்றை மேனிஃபோல்டுக்கு முன்னால் பைப்பில் போட்டேன். ஆகவே முன்பு பார்த்த 58இல் கொஞ்சம் அந்தப் பழைய சென்சாரின் பங்கு, அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

வெல்டிங், தகடு, நுரை, பிராக்கெட் எல்லாம் சேர்த்து 1,900 ரிங்கிட் ஆனது, கோர்கள் இல்லாமல். நேரம் மூன்று மாத வார இறுதிகள்.

மறுபடியும் செப்பாங். வெளியே 33 டிகிரி, ஒரு மேகம்கூட இல்லை. முதல் சுற்றில் என் கண் சாலையைவிடக் கமாண்டரில்தான் இருந்தது, அது நல்லதில்லை. இரண்டாவது சுற்றில் பக்கத்துச் சீட்டில் இருந்த நண்பனிடம் எண்களை வாசிக்கச் சொன்னேன். பின்பக்க நேர்பாதையின் முடிவில் “தொண்ணூத்தஞ்சு” என்றான். கடைசி வளைவு, பிரதான நேர்பாதை. “தொண்ணூத்தாறு. காத்து நாப்பத்தேழு.” மூன்றாவது சுற்றிலும் 96. ஐந்தாவது சுற்றில் ஒருமுறை 97 தொட்டது, உடனே இறங்கியது. ஆறாவது சுற்றில் அவன் வாசிப்பதை நிறுத்திவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

பிட்டில் நிறுத்திப் பானட்டின் திறப்புக்கு மேலே கையை வைத்தேன். அனல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கோர் ஓரத்தில் எடுக்க மறந்த ஒரு துண்டு சிவப்பு நூல் தகடுகளுக்கு நடுவே முக்கால்வாசி இழுபட்டுப் போய், நுனி மட்டும் வெளியே தெரிந்தது.