ஆத்தங்குடி டைல்ஸ் பக்கங்களும் நேம்ஸ்பேஸும்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் பதித்திருக்கும் ஆத்தங்குடி டைல்ஸ் பூக்களைச் சில வருஷமாகச் சேர்த்து வருகிறேன். வீட்டுக்கு ஒரு பக்கம், மொத்தம் 38. எல்லாம் எக்ஸ்ஹெச்டிஎம்எல், அதாவது எக்ஸ்எம்எல் விதிப்படி கண்டிப்பாக எழுதிய ஹெச்டிஎம்எல். பூக்களை எஸ்விஜியில் (படத்தையும் டேக்குகளாகவே எழுதும் வடிவம்) வரைந்து பக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன். இவற்றிலிருந்து தலைப்பையும் படத்தையும் எடுத்து ஒரே அட்டவணை ஆக்க எக்ஸ்எஸ்எல்டி (எக்ஸ்எம்எல் பக்கத்தை வேறு வடிவுக்கு மாற்றும் மொழி) எழுதுவதுதான் இந்த மாத வேலை.

முதல் ராத்திரி, டைட்டில் டேக்கைத் தேட 'டைட்டில்' என்று மேட்ச் போட்டு, எக்ஸ்எஸ்எல்டியை இயக்கும் மென்பொருளான எக்ஸ்எஸ்எல்டிபிராக்கில் ஓட்டினேன். பிழைச்செய்தி எதுவும் இல்லை. டேக்கே இல்லாமல் பக்கத்தின் எழுத்து முழுக்கக் கொட்டியது. ஸ்டைல் டேகுக்குள் இருந்த நிறக் குறிப்புகூட விடவில்லை. எந்த டெம்ப்ளேட்டும் ('இந்த டேக் வந்தால் இதைச் செய்' என்று நாம் எழுதுவது) பொருந்தாவிட்டால் உள்ளிருக்கும் எழுத்தை அப்படியே வெளியே விடுவது எக்ஸ்எஸ்எல்டியின் இயல்பான விதி. ஆக, 'டைட்டில்' பொருந்தவேயில்லை.

குறுக்கு வழியாக, லோக்கல்-நேம் (டேக்கின் வெறும் பெயர் மட்டும்) 'டைட்டில்' ஆக இருந்தால் எடு என்று எழுதினேன். வந்தது. ஆனால் "கானாடுகாத்தான், இரண்டாம் கட்டு" என்ற வீட்டுத் தலைப்புக்குக் கீழே "நடுப்பூ", "ஓரக்கொடி" என்றும் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொரு எஸ்விஜிக்குள்ளும் நான் வைத்த பெயர்கள் அவை. எஸ்விஜியிலும் டைட்டில் உண்டு. ஸ்டைல், ஸ்கிரிப்ட், 'ஏ' என்ற இணைப்பு டேக்கூட உண்டு. பெயர் ஒன்று, ஆள் வேறு.

இதை அண்ணன் மகனுக்குச் சொன்னபோது எங்கள் ஊர் வழக்கத்தையே எடுத்துக்கொண்டேன். நகரத்தார் வீடுகளில் ஐயா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். அதனால் ஓர் ஊரில் பத்து அண்ணாமலை இருப்பார்கள். "எந்தக் கோயில்?" என்று கேட்டால், நகரத்தார் குலப் பிரிவுகளான ஒன்பது நகரக் கோயில்களில் இளையாற்றங்குடியா, மாத்தூரா, பிள்ளையார்பட்டியா என்று பதில் வரும். அந்தக் கோயில்தான் நேம்ஸ்பேஸ்: ஒரு டேக் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லும், வலை முகவரி வடிவில் இருக்கும் அடையாளம். பெயருக்கு முன்னால் போடும் விலாசம் (இனிஷியல்) வெறும் முன்னொட்டு. வீட்டுக்குள் விலாசம் சொல்லாமல் கூப்பிடுகிறோம் என்பதற்காக அவருக்குக் கோயில் இல்லாமல் போகுமா? என் பக்கங்களில் முன்னொட்டு இல்லாத டைட்டிலுக்கும் கோயில் உண்டு. எக்ஸ்எஸ்எல்டிக்குள் டேக்கைத் தேட எழுதும் எக்ஸ்பாத் 1.0-தான் முன்னொட்டு இல்லாத பெயரைக் 'கோயிலே இல்லாதவர்' என்று எடுத்துக்கொள்கிறது.

ஸ்டைல்ஷீட்டில் (நான் எழுதும் எக்ஸ்எஸ்எல்டி கோப்பு) எக்ஸ்ஹெச்டிஎம்எல் நேம்ஸ்பேஸின் முகவரியை ஒரு முன்னொட்டோடு அறிவிக்க வேண்டும். நான் வைத்த முன்னொட்டு 'வலை'. எக்ஸ்எம்எல் தமிழ் எழுத்தில் பெயர் வைக்க விடுகிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. மேட்ச் 'வலை:டைட்டில்' ஆயிற்று. அப்போதும் பொருந்தவில்லை! ஒரு சாயங்காலம் முழுக்கப் போனபிறகு கண்ணில் பட்டது: முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு கூடுதலாக அடித்திருந்தேன். அந்த முகவரியை மென்பொருள் திறந்து பார்ப்பதில்லை, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். சாய்கோட்டை எடுத்ததும் 38 தலைப்பும் சுத்தமாக வந்தன.

அடுத்து வெளியீடு. அட்டவணையை பிரவுசரில் திறந்தால் பூக்கள் தெரிகின்றன, பட்டியல் மட்டும் வெறும் எழுத்தாக ஓடுகிறது. நான் எழுதிய 'யூஎல்', 'எல்ஐ' டேக்குகளுக்கு நேம்ஸ்பேஸ் இல்லாததால் பிரவுசர் அவற்றைப் பட்டியல் என்று பார்க்கவில்லை. அதே முகவரியை முன்னொட்டு இல்லாமலும் ஸ்டைல்ஷீட்டில் இன்னொரு முறை அறிவித்தேன். முன்னொட்டு இல்லாதது நான் வெளியே எழுதும் டேக்குகளுக்கு, 'வலை' உள்ளே தேடுவதற்கு. இரண்டும் வேண்டும். 'வலை' அறிவிப்பு வெளியீட்டில் ஒட்டிக்கொண்டு வராமலிருக்க எக்ஸ்க்ளூட்-ரிசல்ட்-ப்ரிஃபிக்ஸஸ். 2007-இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 2.0-இல் எக்ஸ்பாத்துக்கே இயல்பு நேம்ஸ்பேஸ் குறிக்கலாம். எக்ஸ்எஸ்எல்டிபிராக் 1.0 மட்டும்தான் அறியும், அதனால் இப்போதைக்கு இப்படியே.

புதிதாகச் சேர்க்க எடுத்த 2 பழைய பக்கங்களில் டேக்குகள் மூடப்படவே இல்லை, எக்ஸ்எம்எல்லாகப் படிக்க முடியாது. எக்ஸ்எஸ்எல்டிபிராக்கின் ஹெச்டிஎம்எல் விருப்பத்தோடு ஓட்டினால் படிக்கிறது, ஆனால் அந்த வழியில் வரும் டேக்குகளுக்கு நேம்ஸ்பேஸே கிடையாது, 'வலை:டைட்டில்' பொருந்தாது. ஒவ்வொரு டேக்கையும் அதே பெயரில் எக்ஸ்ஹெச்டிஎம்எல் நேம்ஸ்பேஸுக்குள் மறுபடி எழுதும் சின்ன ஸ்டைல்ஷீட் ஒன்றை முன்னால் ஓட்டினேன். பிறகு பழைய ஸ்டைல்ஷீட்டில் ஒரு வரிகூட மாற்றவில்லை. இப்போது அட்டவணையில் 40 வீடு.