ஊருக்குப் போய்விட்டார்

எங்கள் ஆய்வுப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு. பங்கேற்ற பெண்ணைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றால் அதில் காரணம் எழுத வேண்டும். தாராவியில் களப்பணிக்குச் சேர்ந்த புதிதில் நான் அங்கே அதிகம் எழுதியது ஒரே வரிதான்: ஊருக்குப் போய்விட்டார்.

அப்போது நான் இருந்தது கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தம் பற்றிய ஆய்வு. முதல் பிரசவத்துக்குத்தான் அழுத்தம் ஏறும் ஆபத்து அதிகம், அதனால் தலைச்சன் பிள்ளைக்காரிகளாகப் பார்த்துச் சேர்ப்போம். ஆனால் நம்மிடையே முதல் பிரசவம் என்றால் தாய் வீடுதானே! ஏழாம் மாதம் வளைகாப்பு, அடுத்த வாரம் நாகர்கோவில் ரயில். ஆய்வுக்கு யார் முக்கியமோ அவர்கள்தான் முதலில் கையை விட்டுப் போவார்கள்.

இரும்பு ஏணி ஏறிப் போகும் மாடி ரூமில் இருந்த ஒரு பெண்ணை மறக்க முடியாது. இருபத்திரண்டு வயது, நாங்குநேரிப் பக்கம். எங்களிடம் இருந்தது அவள் கணவரின் எண் மட்டும். தோல் பட்டறையில் வேலை. "பையன் பொறந்திருக்கான், நல்லா இருக்காங்கக்கா" என்றார். அதையே எழுதிப் படிவத்தை மூடியிருக்கலாம். என்னவோ, அவருடைய மாமியார் வீட்டு எண் கேட்டு வாங்கினேன்.

அவள் அம்மா பேசினார். "ரெண்டு நாளா தலைவலின்னு படுத்தே கெடக்கா. கண்ணு முன்னால பூச்சி பறக்குங்கா. பச்ச உடம்புல்லா, பத்து போட்டு விட்டுருக்கேன்." பிள்ளை பிறந்து ஒன்பது நாள். பிரசவம் முடிந்தால் இந்த ஆபத்தும் முடிந்தது என்று நினைக்கிறோம். அப்படியில்லை, அதற்குப் பிறகும் ஆறு வாரம் வரை அழுத்தம் ஏறி வலிப்பு வரக்கூடும். "அம்மா, பத்தெல்லாம் அப்புறம், இப்பவே ஆட்டோ பிடிங்க" என்று கத்தியே விட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் பார்த்தபோது 170/110. மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு வைத்துக்கொண்டார்கள். அந்த மருந்து வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்பதை உறுதிசெய்தது 2002-இல் வெளியான மேக்பை ஆய்வு. 33 நாடுகளில் சுமார் பத்தாயிரம் பெண்கள் அதில் சேர்ந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஆய்வு முடிவுகளை நான் வாசிக்கும் விதமே மாறிவிட்டது. 2024 ஜனவரியில், இதே சிக்கலைத் தடுக்கக் கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு வந்தது. இந்தியாவில் 11,000, தான்சானியாவில் 11,000 பேர், எல்லாருக்கும் முதல் கர்ப்பம். தினம் 500 மில்லிகிராம் கொடுத்தாலும் 1500 கொடுத்ததற்குக் குறைவில்லாத பலன். இந்தியாவில் இந்த ரத்த அழுத்தச் சிக்கல் வந்தது 500 எடுத்தவர்களில் 3.0 சதவீதம், 1500 எடுத்தவர்களில் 3.6 சதவீதம் பேருக்கு. மூன்று மாத்திரை விழுங்குவதற்குப் பதில் ஒன்று போதும் என்றால் கர்ப்பிணிக்கு எவ்வளவு பெரிய நிம்மதி! பெங்களூரில் அந்த வேலையைச் செய்தவர்களும் எத்தனை தாய் வீடுகளுக்குப் போன் போட்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இப்போது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வில் இருக்கிறேன். மும்பையில் இந்த வேலைக்குத் தாய்வீடு டாடா மெமோரியல். 1998-இல் தொடங்கிய ஆய்வில் குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த ஒன்றரை லட்சம் பெண்கள். பத்தாம் வகுப்பு படித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களில் பாதிப் பேருக்குக் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்க வைத்தார்கள். நிமிட நேரத்தில் சந்தேகமான இடம் வெளுத்துத் தெரியும். 12 ஆண்டுகளில் அந்தப் பாதியில் இந்தப் புற்றுநோய்ச் சாவு மறு பாதியைவிட 31 சதவீதம் குறைந்தது. இதே பரிசோதனையைச் செய்த திண்டுக்கல் மாவட்ட ஆய்வில், ஒரே ஒரு முறை பார்த்ததிலேயே 35 சதவீதம். மும்பையில் மறு பாதிப் பெண்களுக்குக் கிடைத்தது விழிப்புணர்வுப் பேச்சு மட்டும். அது சரியா என்று பெரிய சர்ச்சை நடந்தது. எனக்கும் அது இன்னும் மனதை உறுத்துகிறது. ஆனால் யார் செத்தார், எதனால் செத்தார் என்று இத்தனை வருடம் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார்களே, அதை நினைத்தால் கைகூப்பத்தான் தோன்றுகிறது.

வெளுத்துத் தெரிந்தால் வேலை முடியவில்லை, அடுத்த பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அங்கேதான் பலர் நழுவுகிறார்கள். வலி இல்லை, எதற்குப் போகணும் என்பார்கள். அதனால் என் நோட்டில் ஒவ்வொருவருக்கும் மூன்று எண்கள்: அவருடையது, தாய் வீட்டுடையது, ஊரில் கடை வைத்திருக்கும் யாராவது ஒருவருடையது.

களக்காட்டு அக்கா ஒருவர், 46 வயது, பரிசோதனை முடிவு சொன்ன வாரமே ஊரில் ஆடி மாதக் கோயில் கொடைக்குக் கிளம்பிவிட்டார். நான்கு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை மளிகைக்கடைக்காரர் போனை அவர் கையில் கொடுத்தார்.

"கொட முடிஞ்ச மறுநாள் ரயில் ஏறுதேன் தாயி. பெட்டி எஸ்-7."

எழுதி வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை தாதரில் போய் நிற்க வேண்டும்.