பைக்கை மறக்காத எஞ்சின்

விபத்தில் சிக்கிய பைக்கிலிருந்து கழற்றிய எஞ்சினை, மலையேற்றப் பந்தயத்துக்கான (மலைச்சாலையில் நேரம் பார்த்துக் காரில் ஏறும் போட்டி) கிட் காரில், அதாவது பாகங்களாக வாங்கிப் பூட்டும் காரில், ஏற்றித் தரச் சொல்லி யார் வந்தாலும், முதல் கேள்வி ஒன்றுதான்: “எத்தனை குதிரைத்திறன் வரும்?” எனக்கு அது கடைசிக் கேள்வி. இந்த எஞ்சின் பைக்கில் இருந்தபோது எதையெல்லாம் நம்பி ஓடியது, காரில் அவற்றில் எதெல்லாம் கிடைக்காது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இந்த வேலையில் பாதி அதுதான்.

பைக் எஞ்சினை ஏன் தேடுகிறார்கள் என்பது புரிகிற விஷயம். எடை குறைவு, பத்தாயிரம் ஆர்பிஎம் வரை அலுக்காமல் சுற்றும், வரிசையாக மாற்றும் கியர்பாக்ஸும் கிளட்சும் உள்ளேயே இருக்கும். சுசூகி ஹயபூசா 1999-ல் வந்தபோது 1299 சிசி, 2008-ல் 1340 சிசி ஆனது. இந்த இரண்டு வகையும் இப்படிப்பட்ட கார்களில் நிறையவே ஏறியிருக்கின்றன.

அடிபட்ட வண்டி என்பதால் சோதனையில் நான் அவசரப்படுவதில்லை. பிளக்குகளைக் கழற்றிவிட்டு க்ராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கையால் சுற்றினாலே எங்கே இறுக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், பார்ப்பேன். மூடியபடி பார்த்தால் அளவு குறைவாகக் காட்டி, நல்ல எஞ்சினையும் சந்தேகப்பட வைக்கும். ஒரு சிலிண்டரின் அளவு எவ்வளவு என்பதைவிட, நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதுதான் முக்கியம். பிறகு எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பைத் திறந்து ஆயில் உறிஞ்சும் வலையைப் பார்க்க வேண்டும். பைக் விழுந்த பிறகும் எஞ்சின் சாய்ந்தபடியே கொஞ்ச நேரம் ஓடியிருந்தால், ஆயில் கிடைக்காமல் பேரிங் தேய்ந்து, அதன் துகள் அந்த வலையில் மினுக்கும். மேலே கவர்கள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த மினுக்கைப் பார்த்துவிட்டால் நான் அந்த எஞ்சினைத் தொடமாட்டேன்.

அடுத்து எஞ்சினைக் காரில் உட்கார வைப்பது. பைக்கில் க்ராங்க் குறுக்காக இருக்கும், செயின் பல்சக்கரம் பெரும்பாலும் இடப்பக்கம். எஞ்சின் முன்னால் இருக்கும் காரில் அதே எஞ்சினைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, பல்சக்கரம் இருந்த பக்கம் பின்னால் பார்க்கும்படி வைக்கிறோம். பல்சக்கரத்துக்குப் பதில் ஒரு ஃபிளாஞ்ச், அதிலிருந்து சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், அதன் முடிவில் அதைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல். இப்படி வைத்தால் ஷாஃப்ட் சுற்றும் திசையும் சாதாரணக் காரில் சுற்றும் திசையாகவே அமைந்துவிடுகிறது. யாரும் திட்டமிடாமல் கிடைத்த அதிர்ஷ்டம் அது. ஷாஃப்ட்டின் இரண்டு முனைகளிலும் ஜாயின்ட் கோணம் சமமாக இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் உயர்ந்த வேகத்தில் வண்டி முழுக்க அதிரும். ரிவர்ஸ் கியர் கிடையாது. பந்தயத்தில் அது தேவைப்படாது, கார் நிறுத்துமிடத்தில்தான் தள்ளவேண்டி வரும்.

இப்போது ஆயில் விவகாரம். நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். வளைவில் பைக் சாய்கிறது. புவியீர்ப்பும் வளைவின் விசையும் சேர்ந்து ஆயிலைச் சம்பின் அடியிலேயே அழுத்தி வைக்கின்றன. வாளித் தண்ணீரைச் சுழற்றினால் சிந்தாத கதைதான். கார் சாயாது. ஒரு ஜி (புவியீர்ப்புக்குச் சமமான) பக்கவிசையில் வளைந்தால் ஆயிலின் மேற்பரப்பு நாற்பத்தைந்து டிகிரி சரிந்து ஒரு மூலையில் ஏறிக்கொள்ளும். உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும், அழுத்தம் விழும், ராடு பேரிங் கெட்டுப்போக விநாடிகள் போதும்.

இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. பைக்கின் சம்ப் ஆழமாகத் தொங்கும். காரில் தரையில் இடிக்காமலிருக்க அதை வெட்டிக் குறைக்கிறோம். எதற்கு அதிக ஆயில் தேவையோ அங்கேயே இடத்தைச் சுருக்குகிறோம். எஞ்சினைத் திருப்பி வைத்ததால் பைக்கில் முன்பின்னாக இருந்தது காரில் பக்கவாட்டாகிவிட்டது. ஆகவே தடுப்புத் தகடுகளை எந்தப் பக்கம் வைப்பது என்பதைப் பைக்கின் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. காரின் வளைவுகளை நினைத்து, ஆயில் உள்ளே வரட்டும், வெளியே போகக் கூடாது என்கிற மாதிரி ஒருபக்கமாகத் திறக்கும் சிறு கதவுகளோடு பெட்டி செய்கிறோம். கையில் காசிருப்பவர்கள், ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்து பம்பால் அனுப்பும் ட்ரை சம்ப் போடட்டும், அதுவே உத்தமம். எதைப் போட்டாலும் ஆயில் அழுத்தத்தைப் பதிவு செய்யும் லாகர் இல்லாமல் வண்டியை மலைக்கு அனுப்புவதில்லை என்பதில் நான் பிடிவாதக்காரன். டேஷ்போர்டில் விளக்கு எரிந்து, அதை ஓட்டுபவர் கவனிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

வயரிங்கில் பைக்கின் ஞாபகம் இன்னும் அதிகம். ஒருமுறை எல்லாம் இணைத்தும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. கூட வேலை செய்யும் பையன், “அண்ணே, பெட்ரோல் வருது, பேட்டரியும் நல்லாருக்கு, ஸ்பார்க் மட்டும் இல்ல” என்றான். பைக்கில் ‘விழுந்துவிட்டோமா’ என்று பார்க்கும் சாய்வு சென்சார் ஒன்று இருக்கும். அது காரின் சட்டகத்தில் கட்டாமல் ஹார்னஸிலேயே (வயர்க் கட்டு) தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கார் கவிழ்ந்து கிடக்கிறது என்று எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு நினைத்துக்கொண்டது. நேராக நிமிர்த்திக் கட்டியதும் எஞ்சின் பிடித்தது. சைடு ஸ்டாண்டு சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் எல்லாம் இதே ரகம். சில இசியுக்கள் கியர் சென்சாரைப் பார்த்து, கீழ் கியர்களில் சக்தியைக் குறைத்துக் கொடுக்கும். சென்சாரை இணைக்காமல் விட்டால் எஞ்சின் ஓடும், ஆனால் ஏன் மந்தமாக இருக்கிறது என்று நாள்கணக்கில் தேடிக்கொண்டிருப்போம்.

ட்யூனிங்குக்கு வருகிறேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் பாடி உள்ள எஞ்சினில் மேனிஃபோல்டு (காற்று உள்ளே போகும் குழாய்) அழுத்தத்தை மட்டும் நம்ப முடியாது, த்ராட்டில் கொஞ்சம் திறந்ததுமே வெற்றிடம் கரைந்துவிடும். எனவே எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று இசியுவுக்குச் சொல்லும் எரிபொருள் அட்டவணை, த்ராட்டில் கோணமும் ஆர்பிஎம்மும் வைத்துத்தான். தொடங்கும் முன் நான்கு த்ராட்டிலையும் சமன் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் அட்டவணை நான்கின் சராசரிக்குத்தான் பொருந்தும். புதிதாக வெல்டு செய்த எக்ஸாஸ்ட்டில், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் லாம்ப்டா சென்சாருக்கு முன்னால் ஒரு சிறு பொத்தல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய், கலவையில் பெட்ரோல் குறைந்து மெலிந்திருப்பதாகக் காட்டும். அதை நம்பி பெட்ரோலைக் கூட்டுபவர்கள் பிளக் கறுத்த பிறகுதான் யோசிப்பார்கள். முழு த்ராட்டிலில் லாம்ப்டா 0.88-ஐ ஒட்டி (1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் கொஞ்சம் அதிகம்) வைத்துத் தொடங்குவது என் வழக்கம், இக்னிஷனை அப்புறம்தான் தொடுவேன்.

எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவில் எல்லோரும் உச்சப் புள்ளியைத்தான் பார்க்கிறார்கள். மலையில் அந்தப் புள்ளியில் வண்டி எவ்வளவு நேரம் இருக்கிறது? இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷ் மலையேற்றப் பந்தயப் பாதை வெறும் 914 மீட்டர். 1905 முதல் அங்கே போட்டி நடக்கிறது, மிக வேகமான கார்கள் 23 விநாடிக்குள் ஏறிவிடுகின்றன. இவ்வளவு சின்ன ஓட்டத்தில் கணக்கைத் தீர்மானிப்பது கிளம்பும் கணமும், வளைவிலிருந்து கால்வாசி த்ராட்டிலில் வெளியேறும் கணமும்தான். அட்டவணையில் அந்தப் பகுதியைச் சீராக்கத்தான் எனக்கு அதிக நேரம் போகிறது, வாடிக்கையாளருக்கு அது எண்ணாகத் தெரியாது. பில் போடும்போது இதை விளக்குவது தனி வேலை.

அமெரிக்காவின் பைக்ஸ் பீக் (Pikes Peak) மலைப் பந்தயம் வேறு ரகம். 156 வளைவுகள், 4302 மீட்டர் உயரத்தில் முடிவு. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட அறுபது சதவீதம்தான். த்ராட்டில் கோணத்தை மட்டும் நம்பும் அட்டவணைக்கு இது தெரியாது, காற்றழுத்த சென்சாரின் திருத்தம் இல்லாவிட்டால் ஏற ஏறக் கலவையில் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சித் தடித்துக்கொண்டே போகும்.

சின்ன மலைகளில் உயரம் பிரச்சினை இல்லை, காத்திருப்புதான் பிரச்சினை. வரிசையில் நிற்கும்போது பானெட்டுக்குள் காற்று கொதிக்கும், உள்ளே வரும் காற்றின் சென்சாரும் சூடாகி, இசியு எரிபொருளைக் குறைத்துவிடும். கிளம்பியதும் குளிர்ந்த காற்று வரும், சென்சார் மட்டும் இன்னும் பழைய சூட்டைச் சொல்லிக்கொண்டிருக்கும், சரியாக முதல் சில விநாடிகளில் எஞ்சின் திணறும். ஒரு காரில், சென்சாரை சிலிண்டர் ஹெட்டின் சூடு தாக்காத இடத்துக்கு நகர்த்தி, சூட்டுத் திருத்தத்தையும் கொஞ்சம் தளர்த்தியதில் அது சரியானது. அதே காரில் கடைசியாக மாற்றியது கிளட்ச் ஸ்பிரிங்குகள். பைக்கைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடையுள்ள வண்டியை, அதுவும் ஏற்றத்தில், பழைய ஸ்பிரிங்குகள் வழுக்காமல் தள்ளாது. காலுக்குக் கனமாக இருக்கிறது என்று ஓட்டுபவர் இன்னும் புகார் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.