உப்பு போடாத கருவாடு

வடக்கு நார்வேயில் இருக்கிற லோஃபோட்டன் தீவுகளைத் தேடிப் பாருங்கள், ஒரே மாதிரி படம்தான் வரும்: கடலிலிருந்து நேராகச் செங்குத்தாக எழும்பி நிற்கிற மலை, அதன் காலடியில் நாலைந்து சிவப்பு வீடு, மேலே பச்சையாக வடதுருவ ஒளி. நானும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் டிக்கெட் போட்டேன். படத்தில் வாசனை வராது இல்லையா, அதுதான் சிக்கல். மார்ச் கடைசி வாரம் பூடோவில் கப்பல் ஏறி, மூன்றரை மணி நேரம் குடலைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, மொஸ்கெனெஸ் துறையில் இறங்கி ஊருக்குள் நடந்தால், மூக்கில் ஏறியது கருவாட்டு வாசனை. நம்மூர் நெத்திலிக் கருவாடு மாதிரி சுருக்கென்று குத்தாது. அதில் உப்பு இருக்கும். இது கொஞ்சம் மந்தமானது, ஈரத்துணி காய்கிற மாதிரி, ஆனால் போகவே போகாது.

ஒஸ்லோவில் எங்கள் அடுக்குமாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் முதலிலேயே சொன்னார். எண்பதுகளில் இங்கே வந்த ஈழத்தமிழர்கள் பலர் வடகோடியில் உள்ள ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள், இவரும் அங்கே சில வருஷம் மீன் வெட்டியவர். "வடக்க போறியோ? மலையப் பாக்கிறது இருக்கட்டும் தம்பி, மீன் காயப் போட்டிருப்பாங்கள், அதப் போய்ப் பார்" என்றார். நான் தலையாட்டிவிட்டு மலைக்குத்தான் போனேன். நாலு ராத்திரியும் மேகம். பச்சை ஒளி ஒரு கீற்றுகூடத் தெரியவில்லை. அப்புறம் வேறு வழியில்லாமல் மீனைப் பார்க்க ஆரம்பித்தேன், அதன்பிறகு அந்த ஊரில் வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

விஷயம் இதுதான். பேரன்ட்ஸ் கடலில் வளரும் காட் மீன், ஆறேழு வயதில் பருவத்துக்கு வந்ததும், ஒவ்வொரு குளிர்காலமும் பல நூறு கிலோமீட்டர் நீந்தி முட்டையிட இங்கே வருகிறது. அப்படி வருகிற மீனுக்குத் தனிப்பெயரே உண்டு, ஸ்க்ரை. ஊர் ஊராகப் போவது என்ற பொருளுள்ள பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்தது, நாடோடி என்று வைத்துக்கொள்ளலாம். ஏன் இங்கே? மேலே குளிர்ந்த கரையோரத் தண்ணீர், கீழே அட்லாண்டிக் நீரோட்டம் கொண்டுவரும் சற்றே சூடான தண்ணீர், இரண்டும் சந்திக்கும் நடு அடுக்கில் 4 முதல் 6 டிகிரி வரை இருக்கும், முட்டையிட அந்தச் சூடுதான் அதற்குத் தோது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருந்தும் இந்தக் கடல் உறையாததற்கும் அந்த நீரோட்டம்தான் காரணம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மீன் வரும், மீனுக்குப் பின்னால் மனிதன் வருவான், ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இதுதான் நடக்கிறது.

பிடித்த மீனை என்ன செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு நம்பவே முடியாத பகுதி. தலையை எடுத்து, குடலை எடுத்து, இரண்டிரண்டாக வாலில் கயிறு கட்டி, மரக்கொம்புகளால் ஆன பெரிய பந்தல்களில் தொங்க விடுகிறார்கள். அவ்வளவுதான். உப்பு ஒரு கல் கிடையாது. காற்றும் குளிரும் பார்த்துக்கொள்ளும். பிப்ரவரியில் தொங்கவிட்டால் மே வாக்கில் இறக்குவார்கள், பிறகு கூரைக்கடியில் இன்னும் இரண்டு மூன்று மாதம். கடைசியில் மீனில் இருந்த தண்ணீரில் ஏறத்தாழ 80 சதவீதம் போய்விடும், பலகை மாதிரி ஆகிவிடும், ஒன்றோடொன்று தட்டினால் விறகுச் சத்தம் கேட்கும். இது ஏன் இங்கே மட்டும் இவ்வளவு நன்றாக நடக்கிறது என்றால், அந்த மாதங்களில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே ஏறி இறங்குகிறது. ரொம்பக் குளிர்ந்தால் சதைக்குள் பனி பிடித்து நார் நாராகப் போய்விடும். சூடு ஏறினால் ஈ முட்டை வைத்துவிடும். நம் கரையில் உப்பும் வெயிலும் செய்கிற வேலையை அங்கே ஒரு டிகிரி இரண்டு டிகிரிக் கணக்கு செய்கிறது.

தலையும் வீணாவதில்லை. அதையும் கோத்துக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே 1967-70-ல் நடந்த பியாஃப்ரா உள்நாட்டுப் போரின்போது நிவாரண உணவாகவும் இந்தக் காய்ந்த மீன் போயிருக்கிறது. அந்த நாட்டு மொழிகளில் ஒன்றான இக்போவில் இதற்கு ஒக்போரோகோ என்று பெயர், சட்டியில் போட்டால் சத்தம் போடுவது என்று அர்த்தம் சொல்வார்கள். பெயர் வைத்தவன் இதைச் சமைத்திருக்கிறான்!

தலையைக் காயப்போடும் முன் நாக்கை அறுக்க வேண்டும். அது சின்னப் பிள்ளைகளின் வேலை, வழிவழியாக. நான் பார்த்த பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம், ஆரஞ்சு நிற ரப்பர் உடுப்பு தோளிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. எதிரே நிமிர்ந்து நிற்கும் ஒரு இரும்பு முள். பெட்டியிலிருந்து ஒரு தலையை எடுத்து முள்ளில் சொத்தென்று குத்துகிறான், தாடைக்கு நடுவே முள் வெளியே வருகிறது, கத்தியை ஒரு சுற்று, கையை ஒரு இழுப்பு, நாக்கு முள்ளிலேயே நிற்க தலை வேறு பெட்டிக்குள் விழுகிறது. அடுத்த தலை. முள் நிறைந்ததும் மொத்தமாக உருவி வாளியில் போடுகிறான். நாக்கு என்கிறார்களே தவிர அது தொண்டையடிச் சதை. வெண்ணெயில் பொரித்துத் தருகிறார்கள், கொழகொழவென்று இருக்கும், எனக்கு ஒன்றோடு போதும் என்றாகிவிட்டது. விற்ற காசு பையனுக்கே. நாற்றம் தாங்கவில்லை என்று நான் முகம் சுளித்ததைப் பார்த்து, பக்கத்தில் நின்ற பெரியவர் "அது காசு வாசனை" என்றார். அங்கே எல்லோரும் சொல்கிற பழைய வசனம்தானாம்.

அந்தக் காசுக்கு வயது அதிகம். 1431-ல் பியெத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகர் கிரீட் தீவிலிருந்து சரக்கோடு ஃபிளாண்டர்ஸுக்குக் கிளம்பி, புயலில் சிக்கி, கப்பலைக் கைவிட்டு, படகில் அலைந்து, 1432 ஜனவரியில் லோஃபோட்டனின் தென்கோடியில் ரோஸ்ட் தீவை ஒட்டிய ஆளில்லாத ஒரு திட்டில் ஒதுங்கினார். கிளம்பிய 68 பேரில் மிஞ்சியது பத்துச் சொச்சம் பேர். ரோஸ்ட் மீனவர்கள் கண்டெடுத்து வீட்டுக்குக் கூட்டிப்போய் மாதக்கணக்கில் சோறு போட்டார்கள், சோறு என்றால் மீன்தான். உப்பில்லாமல் காற்றில் காயவைத்த மீனை அடித்து மசித்து வெண்ணெய் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள் என்று ஊர் திரும்பியதும் எழுதிவைத்தார். இன்றும் இந்த மீனை அதிகம் வாங்குவது இத்தாலிக்காரர்கள்தான். விச்சென்சா பக்கம் பாலும் வெங்காயமும் போட்டு மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். அதற்காக எல்லாப் பெருமையையும் குவெரினிக்கே கொடுத்துவிடக் கூடாது, நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் உட்கார்ந்திருந்த, ஹன்சா என்ற வணிகக் கூட்டமைப்பின் ஜெர்மன் வணிகர்கள் அதற்கு முன்பே இதை ஐரோப்பா முழுக்க விற்றுக்கொண்டிருந்தார்கள். தரம் பிரிப்பவர் ஒவ்வொரு மீனையும் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, முகர்ந்து பார்த்து இருபது வகைபோலப் பிரிக்கிறார், அந்த வகைகளின் பெயரைக் கேட்டால் ரான்யோ, அன்கோனா, பிரேமர், ஹொல்லெண்டர் என்று வரும். பழைய வாடிக்கையாளர் பட்டியல் மாதிரி.

சரி, அந்தச் சிவப்பு வீடுகள். ரூர்பு என்பார்கள். வெளியூரிலிருந்து துடுப்புப் போட்டு வந்த மீனவர்கள் குளிர்காலத்தில் தங்க, 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓய்ஸ்டெய்ன் அரசன் கட்டிக்கொடுத்ததில் ஆரம்பித்தது என்பது வரலாறு. மக்களைக் குளிரில் சாகவிட்டால் வரி யார் கட்டுவது? 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரே பருவத்துக்கு 30,000 பேருக்கு மேல் வந்து குவிந்தார்கள். கபெல்வோக் என்ற சின்ன ஊரில் 1,200 பேர் உட்காரும் மரத்தேவாலயம் 1898-ல் எதற்காகக் கட்டினார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. இன்று அந்த ரூர்புகளில் பெரும்பாலானவை சுற்றுலா விடுதி. ஒரு ராத்திரி வாடகையைச் சொன்னால் அண்ணர் என்னை வீட்டுக்குள் விடமாட்டார்.

எல்லாம் அழகாக நடந்துவிடவும் இல்லை. 1890-ல் நீராவிக் கப்பல்காரர்கள் மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ட்ரோல்ஃபியோர்டு என்ற குறுகலான இடத்தின் வாயை அடைத்து உள்ளே இருந்த மீனை மொத்தமாக வளைக்கப் பார்க்க, சிறு படகுக்காரர்கள் கையில் கிடைத்ததோடு மோதினார்கள். பிறகு அந்த வளைப்பு வலைக்கே தடை வந்தது. ஸ்வோல்வாரில் பிறந்த குன்னார் பெர்க் அந்தச் சண்டையைப் பெரிய ஓவியமாக வரைந்துவிட்டு, 30 வயதில் இறந்துபோனார். விசைப்படகு, நாட்டுப்படகு என்று பேப்பரில் படித்து வளர்ந்தவனுக்கு அந்த ஓவியத்துக்குத் தனி விளக்கம் தேவைப்படவில்லை.

போர்க் என்ற ஊரில் 1981-ல் ஒரு விவசாயி உழும்போது தட்டுப்பட்ட வைக்கிங் தலைவனின் 83 மீட்டர் நீள வீட்டை மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள், போனேன், நன்றாக இருந்தது, பள்ளிக்கூடக் கூட்டம் அதிகம். எனக்குப் பிடித்தது சாலை முடியும் ஊர். அதன் பெயர் ஓ. அவ்வளவுதான் பெயர், நார்வே அரிச்சுவடியின் கடைசி எழுத்து, ஓடை என்று பொருள். ஓரெழுத்து ஒருமொழி என்று இலக்கண வகுப்பில் நெட்டுருப்போட்டவனுக்கு அந்தப் பெயர்ப்பலகை முன்னால் நின்று ஒரு படம் எடுக்காமல் வர முடியுமா?

வரும்போது ஒரு மீன் வாங்கி வந்தேன். முழங்கையைவிட நீளம், பையில் நிற்காமல் ரயிலில் எல்லோரையும் குத்தியது. இதைச் சமைக்க ஒரு வாரம் தண்ணீரில் ஊற வேண்டும், தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். வீட்டுக்குள் கூடாது என்று உத்தரவாகிவிட்டதால் பால்கனியில் வாளி, மேலே பலகை, பலகைமேல் கல். அண்ணர் தினமும் சாயங்காலம் வந்து கல்லைத் தூக்கி விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுப் போகிறார். இன்று நாலாம் நாள். "இன்னும் இல்ல" என்கிறார்.