ஸ்காட்லாண்ட் ஸ்ட்ரீட் பள்ளி மாதிரி: இடப்பக்கக் கோபுரம் நின்றுவிட்டது

கிளாஸ்கோ நகரின் ஸ்காட்லாண்ட் ஸ்ட்ரீட் பள்ளியை 1:100 அளவில் அட்டையில் செய்து வருகிறேன். அதன் இடப்பக்கப் படிக்கட்டுக் கோபுரம் இந்த வாரம் வளைவு பிசகாமல் நின்றுவிட்டது. சுவர்களும் தளங்களும் நம் எல்லோருக்கும் பழகிய வேலை என்பதால், கோபுரத்தின் கண்ணாடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எட்வர்டு மன்னர் காலத்தில், 1903 முதல் 1906 வரை, சார்ல்ஸ் ரென்னி மாக்கின்டாஷின் வடிவமைப்பில் எழுந்த கட்டடம் இது. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி வாயிலும் படிக்கட்டும் வேண்டும் என்பது அக்காலப் பள்ளிகளின் நடைமுறை. அந்த நிர்ப்பந்தத்தையே அவர் முகப்பின் அழகாக மாற்றி, இரண்டு அரைவட்டக் கோபுரங்களை நிறுத்தினார். ஸ்காட்லாந்தின் பழைய கோட்டைகளில் படிக்கட்டுக் கோபுரம் என்றால் கனத்த கல்சுவரும் குறுகிய வெளிச்சத் துளைகளும்தான். மாக்கின்டாஷ் அதே உருவத்தை எடுத்துக்கொண்டு கல்லை மெல்லிய செங்குத்துத் தண்டுகளாகச் சுருக்கி, மீதி இடம் முழுவதையும் கண்ணாடிக்கு விட்டுவிட்டார். உள்ளே சுழல் படிகூடக் கிடையாது. நேராக ஏறித் திரும்பும் படிகள்தான். பள்ளிக் கட்டடங்களில் இதற்கு இணையான துணிச்சலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மாதிரி செய்பவருக்குத் தொல்லை கொடுப்பதும் இதே கண்ணாடிதான். கண்ணாடிக்குப் பதிலாகப் பயன்படுத்தும் ஓஎச்பி தாளை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) பிவிசி குழாயில் சுற்றி, வெந்நீர் ஊற்றி வளைத்தால், ஆறியதும் பாதி வளைவு திரும்பிவிடுகிறது; ஒட்டிய பிறகும் ஓரங்கள் மெல்ல மெல்லப் பிரிந்து எழும்புகின்றன. எந்தப் பசையாலும் அந்த விறைப்பை அடக்க முடியவில்லை. தீர்வு கட்டடத்திலேயே இருந்தது. அங்கே இருப்பவை ஈயப் பட்டைகளால் பிணைத்த சிறு கண்ணாடித் துண்டுகள். வளைவைத் தாங்குவது கல்தண்டுகள். ஆகவே வளைந்த தாளை அடியோடு கைவிட்டு, அரைவட்ட அட்டைத் தகடுகள் இரண்டின் விளிம்பில் சம இடைவெளியில் பள்ளம் வெட்டி, அவற்றை மேலும் கீழுமாக நிறுத்தி, 2 மி.மீ. அகலமுள்ள அட்டைப் பட்டைகளைப் பள்ளங்களில் செருகினேன். ஒவ்வோர் இடைவெளிக்கும் கண்ணாடியாக ஓஎச்பி தாளின் ஒரு தட்டையான கீற்று. இப்போது எங்கும் விறைப்பு இல்லை. ஓர் அடி தள்ளி நின்று பார்த்தால் வளைவு மட்டுமே தெரிகிறது.

ஈயக் கோடுகளைப் பேனாவால் வரைய வேண்டாம், மை தடித்துவிடும். தாளைக் கீற்றாக வெட்டுவதற்கு முன்பே ஊசியால் கட்டங்களைக் கீறி, கருஞ்சாம்பல் அக்ரிலிக் வண்ணத்தைத் தேய்த்து, காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். வண்ணம் கீறலுக்குள் மட்டும் தங்கி, தலைமுடியளவு கோடு கிடைக்கும். கீறிய பக்கம் உள்ளே இருக்கட்டும். அப்போதுதான் வெளிப்பக்கம் கண்ணாடிக்குரிய பளபளப்போடு இருக்கும்.

அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்தில் வாங்கிய 1 மி.மீ. சாம்பல் அட்டை வளைந்தேதான் வந்து சேர்கிறது. பைண்டிங் செய்பவர்களுக்குச் சரக்கு விற்கும் கடையில் நேரில் பார்த்து எடுப்பதே நல்லது. தாள் நேராக இருக்கும், விலையும் குறைவு. சிவப்பு மணற்கல்லின் நிறத்துக்குச் சுட்ட சியன்னா என்னும் செம்பழுப்பு வண்ணத்தோடு மஞ்சள் காவியும் சிறிது வெள்ளையும் கலந்தேன். செங்கல் நிறத்துக்குப் போய்விடாமல் வெளிறிய சிவப்பில் நிறுத்துவதுதான் இதில் நுணுக்கம்.

வலப்பக்கக் கோபுரமும் இரண்டின் கூம்புக் கூரைகளும் இன்னும் பாக்கி. அதற்குள் மனம், ஓடுகள் பதித்த உடற்பயிற்சிக் கூடத்தை 1:20 அளவில் தனியாகச் செய்யும் எண்ணத்துக்குப் போய்விட்டது. ஓடுகளுக்குப் பளபளப்பான அட்டை தேடத் தொடங்கிவிட்டேன். பின்புறச் சுவரின் கல் செதுக்கல்களை இந்த அளவில் அட்டையில் காட்ட இயலாது என்பதால், எப்பாக்ஸி களிமண்ணில் (பிசைந்து வடித்தபின் தானே இறுகும் பசை மாவு) ஒரு ஜன்னலுக்கு மட்டும் முதலில் செய்து பார்க்கப் போகிறேன்.