ஏற்காட்டில் போட்ட கப்பல் கணக்கு: டிப்ஸ் யாருக்கு, எப்போது, எவ்வளவு

சேலத்திலிருந்து சிங்கப்பூருக்குப் போய், அங்கிருந்து பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவரும் சொகுசுக் கப்பலில் ஏறுகிற குடும்பங்கள் இப்போது நம் ஊரில் கணிசமாக இருக்கின்றன. விமானக் கட்டணம், விசா, கப்பல் கட்டணம், பயணக் காப்பீடு எல்லாவற்றையும் பல இடங்களில் விசாரித்து முடிவுசெய்பவர்கள்கூட, கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸைப் பற்றிப் புறப்படும் நாள்வரை யோசிப்பதில்லை. கடைசி இரவில் பில்லைப் பார்த்த பிறகுதான், இது என்ன தொகை, யாரைக் கேட்டுச் சேர்த்தார்கள் என்ற பேச்சு கிளம்புகிறது. என் சித்தப்பாவும் சித்தியும் அப்படியொரு பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், நாங்கள் சேர்ந்து ஏற்காட்டுக்குப் போய் ஒரு காபித் தோட்டத்து விடுதியில் தங்கினோம். சென்ற ஆண்டு நான் கப்பலில் போய்வந்தவன் என்பதால், கோரிமேட்டைத் தாண்டி அடிவாரத்தை அடைவதற்குள்ளேயே சித்தப்பா கேள்விகளைத் தொடங்கிவிட்டார்; இருபது கொண்டை ஊசி வளைவுகளும் அந்தப் பேச்சிலேயே கழிந்தன.

டிப்ஸ் பற்றிய பேச்சு மட்டும் ஏரிக்கரையில்தான் வந்தது. துடுப்புப் படகு ஒன்றில் நாங்கள் ஏறியிருந்தோம். படகோட்டிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். துடுப்பின் பிடியில் பழைய லுங்கித் துணியைக் கிழித்து இறுக்கமாகச் சுற்றியிருந்தார். அது நனைந்து, கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. ஏரியின் நடுவில் எதிர்க்காற்று வீசியபோது பேச்சை நிறுத்திவிட்டு, படகு திரும்பும்வரை ஒரு பக்கத் துடுப்பை மட்டும் வலித்தார். இறங்கும்போது சித்தப்பா அவர் கையில் ஐம்பது ரூபாய் நோட்டைக் கொடுத்து, "காபி சாப்பிடுங்க" என்றார். கரைக்கு வந்ததும் என்னிடம் திரும்பி, "நல்லா செஞ்சா நாமளே கையில குடுத்துட்டுப் போறோம். கப்பல்ல மட்டும் எதுக்குக் கண்ணு தினத்துக்கு இவ்வளவுன்னு கட்டணும்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. படகில் நமக்காக உழைப்பவர் ஒருவர். அவர் உழைப்பு நம் கண்ணெதிரே நடக்கிறது. கப்பலில் நம் அறையைச் சுத்தம் செய்பவரையும், மேசையில் பரிமாறுபவரையும் மட்டுமே நாம் பார்க்கிறோம். படுக்கை விரிப்பையும் துண்டையும் துவைக்கிற சலவைப் பிரிவினர், பாத்திரம் கழுவுகிறவர்கள், இரவெல்லாம் கூடங்களைத் துடைக்கிறவர்கள் ஆகியோரை நாம் பார்ப்பதே இல்லை. நம் கையால் கொடுத்தால் பார்த்தவருக்கு மட்டும் கொடுப்போம். கல்யாணப் பந்தியில் இலை முன்னால் நிற்பவரைக் கவனித்துவிட்டு, அடுப்படியில் வேகிறவரை மறந்துவிடுவது போல ஆகிவிடும். பெரும்பாலான கப்பல்கள் நபருக்கு, நாளொன்றுக்கு என்று ஒரு தொகையை வைத்து, அதைப் பயணியின் கணக்கில் தாமாகவே சேர்த்துவிடுவதற்கு இது ஒரு காரணம். கிராட்டுவிட்டி என்றோ சர்வீஸ் சார்ஜ் என்றோ பில்லில் அது தனி வரியாக வரும்.

முன்பு வழக்கம் வேறாக இருந்தது. பயணம் முழுவதும் ஒரே மேசை, ஒரே நேரம், ஒரே வெயிட்டர் என்று சாப்பாடு நடந்த காலத்தில், கடைசி இரவில் அறைப் பணியாளருக்கு ஒரு கவர், வெயிட்டருக்கு ஒன்று, அவருடைய உதவியாளருக்கு ஒன்று, தலைமை வெயிட்டருக்கு ஒன்று என்று பயணிகள் கையில் கொடுத்தார்கள். விரும்பிய உணவகத்தில் விரும்பிய நேரத்தில் சாப்பிடலாம் என்ற முறை பரவிய பிறகு, யார் நமக்குப் பரிமாறினார் என்று சொல்வதே கடினமாகிவிட்டது. அந்தக் கவர்களின் இடத்தைத்தான் இன்றைய தினசரித் தொகை பிடித்திருக்கிறது.

இனி எவ்வளவு என்பதற்கு வருகிறேன். பெரிய அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்களில், சாதாரண அறைக்கு, நபருக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை இப்போது வாங்குகிறார்கள். சூட் எனப்படும் பெரிய சொகுசு அறைகளுக்கு இன்னும் கூடுதல். குழந்தைகளுக்கும் இதே தொகை என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். கைக்குழந்தைக்கு மட்டும் விலக்குத் தருகிற நிறுவனங்கள் உண்டு. நான்கு பேர் கொண்ட குடும்பம், நான்கு இரவு, நாளுக்கு 18 டாலர் என்றால் 288 டாலர். ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 24,000 ரூபாயைத் தாண்டிவிடும். இதைக் கடைசி நாளில் முதன்முதலாகப் பார்க்கிற எவருக்கும் மனம் கசக்கத்தான் செய்யும். அதனால்தான், பதிவுசெய்யும்போதே இந்தத் தொகையைக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள் என்று சித்தப்பாவிடம் வற்புறுத்தினேன். பல நிறுவனங்கள் முன்கூட்டியே கட்ட அனுமதிக்கின்றன. கப்பலில் செய்கிற செலவு பெரும்பாலும் நம் கார்டில்தான் ஏறும். இந்திய வங்கிக் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டு நாணயச் செலவுக்கு 3.5 விழுக்காடு வரை தனிக் கட்டணம் உண்டு என்பதால், இங்கேயே ரூபாயில் கட்ட முடிந்தால் அதுவும் மிச்சம்.

எல்லாக் கப்பல்களுக்கும் இது பொருந்தாது. சில்வர்சீ, சீபோர்ன் போன்ற உயர்கட்டணக் கப்பல்களில் டிப்ஸ் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். பிரிட்டனின் பி அண்டு ஓ நிறுவனமும் 2019இல் தனி டிப்ஸை எடுத்துவிட்டது. நாம் ஏறப்போகிற கப்பலின் விதி எது என்பதை முகவரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இரண்டு முறை கொடுத்துவிடாமல் இருக்க இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பாரில் வாங்கும் பானத்துக்கு, அது பழச்சாறு கலந்த மதுவில்லாத பானமாக இருந்தாலும், பல கப்பல்களில் 18 அல்லது 20 விழுக்காடு பில்லிலேயே சேர்ந்துவிடும். மசாஜ், முடி திருத்தம் போன்றவற்றுக்கும் அப்படியே. அந்த ரசீதில் மேற்கொண்டு டிப்ஸ் எழுத ஒரு வெற்றிடம் இருக்கும். அதை நிரப்ப வேண்டிய கடமை நமக்கு இல்லை.

தினசரித் தொகையைக் கட்டிய பிறகும் கையில் ஏதாவது கொடுக்கத்தான் வேண்டுமா என்று சித்தி கேட்டார். கட்டாயம் இல்லை. ஆனாலும் நமக்காகத் தனியாக மெனக்கெட்டவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நம்மைப் போன்ற சைவக் குடும்பங்களுக்குக் கப்பலில் பெரிய துணை, உணவகத்தின் தலைமை வெயிட்டர்தான். முதல் நாள் இரவே அவரிடம் சொல்லிவிட்டால், அடுத்த நாளுக்குப் பருப்பு, காய்கறி, சாதம், தயிர் என்று சமையலறையில் தனியாகச் செய்யச் சொல்லிவைப்பார். நான் போன கப்பலில், என் அம்மாவுக்கு முட்டை கலக்காத இனிப்பு எது என்று ஒவ்வொரு இரவும் உள்ளே போய்க் கேட்டுவந்து சொன்னவர் ஒருவர் இருந்தார். அது அவருடைய வேலைக்கு வெளியே செய்த வேலை.

அறைப் பணியாளரின் உழைப்போ இன்னும் நெருக்கமானது. நாளுக்கு ஒருமுறை, சில கப்பல்களில் காலையும் மாலையும், அறைக்கு வருகிறார். பழைய துண்டுகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைக்கிறார். குழந்தை இருக்கிற அறை என்று தெரிந்தால், துண்டையே மடித்து ஒரு விலங்கு செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போகிறார். எங்கள் அறைக்கு வந்தவர் பிலிப்பைன்ஸ்காரர். இரண்டு துண்டுகளில் யானை செய்வது எப்படி என்று என் மகள் கேட்டபோது, தள்ளுவண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு துண்டை இரு புறமிருந்தும் சுருட்டி வளைத்து நான்கு கால் ஆக்கி, இன்னொன்றின் நுனியை இழுத்துத் தும்பிக்கை ஆக்கிக் காட்டினார். அவ்வளவு நேரமும் அவர் பார்வை அடிக்கடி கைக்கடிகாரத்தின் மேல் போய்வந்தது. அவர் முடிக்க வேண்டிய அறைகள் வரிசையாகக் காத்திருந்தன.

இவர்கள் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் வருகிறவர்கள். 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, ஒரு நாளில் குறைந்தது பத்து மணி நேர ஓய்வு அவர்களுக்குத் தரப்பட வேண்டும் என்கிறது. மீதிப் பதினான்கு மணி நேரமும் சட்டப்படியே வேலை நேரமாக இருக்கலாம் என்பதையும் அதே விதியில் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்குப் போகும்வரை அவர்களுக்கு முழு விடுமுறை நாள் கிடைப்பது அரிது. இவர்களுடைய வருமானத்தில் பயணிகள் தரும் டிப்ஸ் ஒரு பெரும் பங்கு என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தது.

ஆகவே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். தினசரித் தொகையைக் கெஸ்ட் சர்வீசஸ் கவுண்டரில் போய் நீக்கச் சொல்ல முடியும் என்பது பல கப்பல்களில் உண்மை. அந்த யோசனையை ஒரு சாமர்த்தியம்போல நம்மவர்கள் வாட்ஸ்அப்பில் பகிர்கிறார்கள். அறை சுத்தமாக இல்லை, சாப்பாட்டில் குறை இருக்கிறது என்றால் அன்றே அதே கவுண்டரில் புகார் சொல்ல வேண்டும், உடனே சரிசெய்வார்கள். எந்தக் குறையும் சொல்லாமல் கடைசி நாள்வரை எல்லாம் அனுபவித்துவிட்டு, இறங்கப்போகும் வேளையில் தொகையை எடுத்துவிடுவது, நம் துணியைத் துவைத்தவரின் கூலியில் கை வைப்பதுதான். இதைச் சொன்னபோது சித்தப்பா மறுபேச்சுப் பேசவில்லை. அம்மாபேட்டையில் தறிக்காரர்களுக்கு வாரக்கூலி பட்டுவாடா செய்து பழகியவர் அவர்.

எப்போது கொடுப்பது என்பதற்கு வருவோம். கூடுதலாகக் கையில் கொடுக்க நினைப்பதைக் கடைசி நாள் மாலையிலேயே கொடுத்துவிட வேண்டும். இறங்குகிற காலையில், அடுத்த பயணிகள் ஏறுவதற்குள் எல்லா அறைகளையும் தயார் செய்ய அவர் ஓடிக்கொண்டிருப்பார்; நாமும் வரிசையில் நின்றுகொண்டிருப்போம். பெரிய பெட்டிகளை முந்தைய இரவே அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள் என்பதால், கவரைக் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் பெட்டியைப் பூட்ட வேண்டும். வயதானவர்களுக்கு அடிக்கடி வெந்நீர், கூடுதல் தலையணை என்று முதல் நாளிலிருந்தே தேவை இருக்குமானால், பத்து டாலரை முதல் நாளே கொடுத்துத் தேவையைச் சொல்லிவிடுவதில் தவறில்லை. நான்கைந்து இரவுப் பயணம் என்றால், அறைப் பணியாளருக்கு இருபது டாலர், தனியாகச் சமைக்கச் சொன்ன தலைமை வெயிட்டருக்கு இருபது டாலர் என்பது என் அளவு. இதற்கு ஐந்து, பத்து டாலர் நோட்டுகள் வேண்டும். சேலத்தில் நாணயம் மாற்றும்போது நாமாகக் கேட்காவிட்டால் நூறு டாலர் நோட்டுகளாகவே கொடுத்துவிடுவார்கள். கேப்டனுக்கும் அதிகாரிகளுக்கும் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. பயணம் முடிந்ததும் வரும் கருத்துப் படிவத்தில், நன்றாகக் கவனித்தவரின் பெயரைக் குறிப்பிட்டு நான்கு வரி எழுதுங்கள். மேலதிகாரிகள் அதைப் படிக்கிறார்கள், அது அவருக்குப் பின்னாலும் உதவும்.

கரையில் இறங்கும்போது அந்தந்த ஊர் வழக்கம். சிங்கப்பூரில் டிப்ஸ் எதிர்பார்க்கப்படுவதில்லை. உணவகங்கள் பலவற்றில் பத்து விழுக்காடு சர்வீஸ் சார்ஜை பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள்.

நம் நாட்டில் நிலைமை இதற்கு நேர்மாறானது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவகங்களும் விடுதிகளும் சர்வீஸ் சார்ஜைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எனவே ஏற்காட்டில் நாம் கையால் கொடுப்பது மட்டுமே ஊழியருக்குப் போய்ச் சேரும். இதில்தான் கப்பலைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். விடுதி முகப்பில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடில் அனுப்புகிற பணம் பெரும்பாலும் முதலாளியின் கணக்குக்குத்தான் போகும். சில்லறை நோட்டுகளை அடிவாரத்திலேயே மாற்றிக்கொண்டு போவது இதற்காகத்தான். மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி நாள்களில் அறைகளெல்லாம் நிரம்பி, ரூம் பாய்கள் உட்காரக்கூட நேரமில்லாமல் ஓடுவார்கள். அந்த நாள்களில் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம்.

காரில் போகிறவர்கள் ஓட்டுநரின் பேட்டாவையும் டிப்ஸையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. பேட்டா அவருக்குச் சேர வேண்டிய பணம். மலைப்பாதையில் நம் குழந்தைக்குக் குமட்டும்போதெல்லாம் முகம் சுளிக்காமல் வண்டியை நிறுத்துவதற்கும், பகோடா பாயிண்டில் நாம் சூரியன் மறையும்வரை நிற்பதால் அவர் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போவதற்கும் கொடுப்பதுதான் டிப்ஸ். விடுதியில் அவர் தூங்க இடம் உண்டா என்று பதிவுசெய்யும்போதே கேட்டுவிட வேண்டும். காருக்குள் குளிரில் முடங்க விட்டுவிட்டு, மறுநாள் இருநூறு ரூபாய் கொடுத்து அதை ஈடுகட்ட முடியாது.

நாங்கள் தங்கிய விடுதியில் சமைத்தவர் பக்கத்துக் கிராமத்துப் பெண்மணி. காலை ஆறு மணிக்கு வந்து இரவு எட்டுக்குப் போவார். விறகடுப்பில் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்து, சைவம் சாப்பிடுகிற எங்களுக்குத் தனிச் சட்டியில் தனிக் கரண்டியோடு மிளகு ரசம் வைத்தார். கணக்கு முடித்துக் கொடுத்ததும் மேலாளர், பரிமாறிய பையன் என்று முன்னால் நிற்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள் என்று அங்கே வேலை செய்கிறவர்களே சொன்னார்கள். சித்தி இரவு ஏழரைக்கே சமையலறைக்குப் போய், ஐந்நூறு ரூபாயை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் திங்கள்கிழமை, அவருக்கு வார விடுப்பு. காலையில் கொடுக்கலாம் என்று இருந்திருந்தால் அவரைப் பார்த்திருக்கவே முடியாது.