மை வைத்த விரல்

"ஓட்டுப் போட்டேனே சார்" என்றார் தேர்தல் வழக்கில் சாட்சிக் கூண்டில் நின்ற எங்கள் மனுதாரர். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது அதுவல்ல. "அந்தத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்ததற்கு என்ன ஆவணம்?" அவர் பதில் சொல்லாமல் எங்கள் மேஜையைப் பார்த்தார்.

வேட்பாளரே மனுதாரர் என்றால் இந்தத் தொல்லை இல்லை. போட்டியிடும் வேட்பாளர்களின் பட்டியலான படிவம் 7ஏ-யில் பெயர் இருக்கும், போதும். வாக்காளர் வந்தால்தான் பாடு. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில், தேர்தல் மனுவை யார் போடலாம் என்று சொல்லும் 81-வது பிரிவுக்கு, அந்தத் தேர்தலில் வாக்களிக்க உரிமை இருந்திருக்க வேண்டும்; வாக்களித்தாரா இல்லையா என்பது பொருட்டே இல்லை.

நாங்கள் சான்றாவணமாகக் குறியிட்டிருந்தது வாக்காளர் அடையாள அட்டை. அட்டை என்றைக்கோ கொடுத்தது. பிறகு பெயரை நீக்கியிருந்தாலும் அது பர்ஸிலேயே இருக்கும். வேண்டியது, வேட்புமனுவுக்கான கடைசி நாளோடு கதவடைத்த பட்டியல். தாய்ப் பட்டியல் மட்டும் போதாது, சேர்த்தல், நீக்கல் வந்த துணைப் பட்டியலும் வேண்டும். பாகம் எண், வரிசை எண் குறிப்பிட்டு வாக்காளர் பதிவு அலுவலரிடம் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். இணையத்தில் எடுத்த பிரிண்ட் அவுட் என்றால் அதற்குத் தனிச் சான்றிதழ் கேட்பார்கள். இவர் தொகுதிக்குள்ளேயே வீடு மாறியவர் வேறு. அட்டை எண் அதேதான், பாகம் மாறிவிட்டது. பழைய பாகத்துக்கு நகல் கேட்டு, "பெயர் இல்லை" என்று திரும்பியதில் 4 நாள் போச்சு.

மனு தாக்கல் செய்யத் தயாரான அன்று, தேர்தல் முடிவு வந்து 43-வது நாள். 45 தாண்டினால் ஒரு நாள்கூட மன்னிப்பு கிடையாது. ஹுக்கும்தேவ் நாராயண் யாதவ் வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் அதை முடித்துவிட்டது. தம்பு செட்டித் தெருவில் டைப்பிங் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்மனுதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு நகல், ஒவ்வொன்றிலும் 'உண்மை நகல்' என்று மனுதாரரே கையெழுத்து, 2,000 ரூபாய் டெபாசிட். இவற்றில் கோட்டைவிட்டால், மனுவையே தள்ளுபடி செய்யச் சொல்லும் 86-வது பிரிவு காத்திருக்கிறது. பட்டியல் நகலுக்கு அந்த அவசரம் இல்லை. வாக்காளர் என்று மனுவில் சொன்னால் போதும், நிரூபிப்பதெல்லாம் சாட்சியத்தில். அதனால் தள்ளிப்போட்டோம்.

சட்டப்படி அது சரிதான், இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் மனுவின் இரண்டாவது பத்தியில் பாகம் எண்ணையாவது போட்டிருந்தால், எதிருரையில் ஒற்றை வரி மறுப்போடு தப்பித்திருக்க மாட்டார்கள். அவசரத்தில் பழைய எண்ணையே போட்டிருப்போமோ என்னவோ. அது இதைவிட மோசம். இப்படி இரண்டு பக்கமும் வாதாடிக்கொண்டே இருக்கிறேன்.

பின்னர் தனி மனு போட்டு நகலை வரவழைத்துக் குறியிட்டோம், எதிர்த்தரப்பு ஆட்சேபத்தோடு. வராந்தாவில் மனுதாரர் செல்போனை நீட்டினார். மை வைத்த விரல், பின்னால் பள்ளிக்கூடச் சுவர்.

"இதைக் காட்டியிருக்கலாமே சார்?"

சீனியர் கேஸ் கட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். நான்தான் படத்தை வாங்கி, பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.